விம்பிள்டன் மகளிர் இரட்டையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றையர் ஆட்டம் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் இரட்டையர் ஆட்டத்தைப் போட்டால் முதல் பத்து நிமிடம் திணறிப்போவார்கள். நான்கு பேர் ஓடுகிறார்கள், பந்து வலைக்கு அருகிலேயே மூன்று முறை போய் வருகிறது, பாயிண்ட் முடிந்துவிடுகிறது. என்ன நடந்தது என்றே புரியாது. புரிந்துவிட்டால் விடமாட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

இந்தப் போட்டி எப்போது தொடங்கியது? எத்தனை ஜோடிகள் ஆடுகின்றன?

விம்பிள்டன் நடக்கும் லண்டன் ஆல் இங்கிலாந்து கிளப்பில் மகளிர் இரட்டையர் 1913-ல் சாம்பியன்ஷிப் போட்டியாக ஆனது. முதல் பட்டத்தை வின்ஃப்ரெட் மெக்நேர், டோரா பூத்பி ஜோடி வென்றது. அந்த இறுதி ஆட்டம் முழுதாக முடியவில்லை. முதல் செட்டை வென்று, இரண்டாவது செட்டிலும் முன்னிலையில் இருந்த எதிர் ஜோடி பாதியில் விலகியதால் பட்டம் இவர்களுக்கு வந்தது.

இப்போது 64 ஜோடிகள். ஆறு சுற்று வென்றால் கோப்பை. முதல் 16 ஜோடிகளுக்கு வரிசை எண் கொடுத்து, ஆரம்பத்திலேயே ஒருவருக்கொருவர் மோதாதபடி டிராவில் பிரித்து வைப்பார்கள். சில ஜோடிகள் வைல்டு கார்டில், அதாவது அமைப்பாளர்கள் தரும் தனி அழைப்பில் வரும்.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை செட்?

மூன்று செட்களில் இரண்டை வெல்ல வேண்டும். டியூஸ் (40-40) ஆனால் வழக்கம்போல அட்வான்டேஜ் உண்டு, அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் எடுத்தால்தான் கேம். மூன்றாவது செட் 6-6 ஆனால் 10 பாயிண்ட் டைபிரேக், அதாவது இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தோடு முதலில் 10 எடுக்கும் ஜோடிக்கு செட். இந்த விதி 2022 முதல்தான். அதற்கு முன் 2019, 2021 போட்டிகளில் 12-12 வரை இழுத்தடித்து டைபிரேக் வைத்தார்கள். அதற்கும் முன் கடைசி செட்டில் டைபிரேக்கே கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாராவாரம் நடக்கும் மற்ற டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் கதை வேறு. அங்கே டியூஸ் ஆனதும் அடுத்த பாயிண்ட்டிலேயே கேம் முடிந்துவிடும். செட் 1-1 என்றால் மூன்றாவது செட்டே கிடையாது, நேராக 10 பாயிண்ட் டைபிரேக்தான். நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் ஜோடி நிதானமாகத் திரும்பி வருவதற்கான இடம் அதில் குறைவு. முழு மூன்றாவது செட் ஆடவிடும் கிராண்ட்ஸ்லாம் (விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகள்) இரட்டையருக்கு ருசி கூடுவது அதனால்தான் என்பது என் கருத்து. கீழே 2015 இறுதியைப் பற்றிப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டும் பெரியதா?

நீளம் அதே 78 அடிதான். அகலம் மட்டும் 27 அடியிலிருந்து 36 அடி ஆகும். ஓரங்களில் நாலரை நாலரை அடிக்கு இரண்டு பட்டைகள் இருக்கின்றனவே, அவையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் சர்வ் விழ வேண்டிய கட்டம் மாறாது.

ஒன்பது அடி கூடினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆட்டத்தின் கணக்கையே மாற்றுவது அதுதான். வலையில் நிற்பவர் நடுவை அடைக்க ஒரு அடி நகர்ந்தால் ஓரப்பட்டை திறந்துவிடும். ஓரத்தைக் காத்தால் நடு திறந்துவிடும். எதைத் திறந்து வைத்து எதிரியை இழுப்பது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

யார் சர்வ் போடுவது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

அந்தந்த ஜோடிதான். ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் யார் முதலில் சர்வ் போடுவது, யார் வலப்பக்கம் நின்று சர்வை எடுப்பது, யார் இடப்பக்கம் என்று முடிவு செய்துகொள்ளலாம். முடிவு செய்த பிறகு அந்த செட் முடியும்வரை மாற்ற முடியாது. அடுத்த செட்டில் மாற்றலாம், ஆனால் பழகிய பக்கத்தை யாரும் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

இதில் ஒரு நுணுக்கம். ஜோடியில் ஒருவர் இடதுகைக்காரராக இருந்தால் வெயில் நாட்களில் பெரிய வசதி. ஒரு முனையிலிருந்து சர்வ் போடும்போது வலதுகைக்காரரின் கண்ணில் வெயில் அடித்தால், அந்த முனையை இடதுகைக்காரரிடம் விட்டுவிடலாம். பந்தைத் தூக்கிப்போடும் கோணமே வேறு அல்லவா! நவ்ரத்திலோவா, மகரோவா, டெய்லர் டவுன்சென்ட் என்று இரட்டையரில் பேர் வாங்கியவர்களில் இடதுகைக்காரர்கள் பலர்.

பந்து கூட்டாளி மேல் பட்டுவிட்டால்?

நாம் போட்ட சர்வ் நம் கூட்டாளி மேலேயே பட்டால் அது ஃபால்ட், இரண்டாவது சர்வ் போடலாம். அதே சர்வ் தரையில் குத்துவதற்கு முன் எதிர் ஜோடியில் யார் மேல் பட்டாலும் பாயிண்ட் சர்வ் போட்ட ஜோடிக்கு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்து உங்கள் உடம்பில் பட்டால் பாயிண்ட் போச்சு. அதனால்தான் வலையில் நிற்பவரின் வலது இடுப்பைக் குறிவைத்து அடிக்கிறார்கள். வலதுகைக்காரருக்கு அந்த இடத்தில் மட்டையைக் கொண்டுவருவது பெரும்பாடு. இதைப் பார்த்து 'ஆளை அடிக்கிறாரே' என்று பதற வேண்டாம். அடித்தவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார், பட்டவர் தலையசைப்பார், அடுத்த பாயிண்ட் தொடங்கிவிடும்.

வலையில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுகிறாரே, அது என்ன?

பின்னால் நிற்கும் கூட்டாளிக்குச் சொல்லும் சேதி. சர்வை எந்தப் பக்கம் போட வேண்டும், சர்வ் போனதும் நான் குறுக்கே பாய்வேனா அல்லது நிற்பேனா, இந்த இரண்டுதான் பெரும்பாலும். எந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். சில ஜோடிகள் விரல் காட்டாமல் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் நடுவே வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு பேசிவிடுகின்றன.

சில சமயம் வலையில் நிற்பவர் நட்டநடுவில் ஏறக்குறைய தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சர்வ் போடுபவரும் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக வந்து நிற்பார். இதை ஐ ஃபார்மேஷன் என்பார்கள். தலைக்கு மேல் சர்வ் பறந்த அடுத்த நொடி, குனிந்தவர் ஒரு பக்கம் பாய்வார், சர்வ் போட்டவர் மறுபக்கத்தை அடைப்பார். அவர் எந்தப் பக்கம் பாய்வார் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. தெரியாமலே, அதுவும் புல்தரையில் தாழ்ந்து சறுக்கி வரும் பந்தை, எங்கே அடிப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

நேயர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரே யோசனை: ஒரு கேம் முழுக்கப் பந்தைப் பார்க்காதீர்கள், பந்து இல்லாதவரைப் பாருங்கள். சர்வ் போடுபவரின் கூட்டாளியை மட்டும் பாருங்கள். அவர் பாய்வது போல ஒரு தோள் அசைவு காட்டி நின்றுவிடுவார். அதைப் பார்த்து மிரண்டு எதிரி பந்தை ஓரத்துக்கு அடித்து வெளியே தள்ளுவார். ஸ்கோர் போர்டில் அது எதிரியின் தவறு என்று பதிவாகும். உண்மையில் அந்தப் பாயிண்ட்டை எடுத்தவர் பந்தைத் தொடவே இல்லை.

ஒற்றையரில் சோபிக்காதவர்கள் ஆடுவதுதானே இரட்டையர்?

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2008 விம்பிள்டன் ஒற்றையர் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸ் தங்கை செரீனாவை வென்றார். அதே நாளில் இருவரும் சேர்ந்து வந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார்கள். 2009-லும் அதேதான், ஒற்றையரில் மட்டும் இந்த முறை தங்கை வென்றார். விம்பிள்டனில் அவர்கள் சேர்ந்து வென்றது ஆறு பட்டங்கள். கிராண்ட்ஸ்லாம் மகளிர் இரட்டையர் இறுதிகள் பதினாலு ஆடி பதினாலிலும் வெற்றி. யானா நோவோட்னா 1998-ல் ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் ஒரே விம்பிள்டனில் எடுத்தார். அவரிடம் பயிற்சி பெற்ற பார்போரா கிரெஜ்சிகோவா 2018, 2022 இரட்டையர் பட்டங்களை கேட்டரினா சினியகோவாவுடன் வென்று, 2024-ல் ஒற்றையர் சாம்பியனும் ஆனார்.

இரண்டிலும் ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, இரட்டையர் கேட்கும் திறமையே தனி. வாலி (பந்து தரையில் குத்துவதற்கு முன்பே அடிப்பது), சர்வைக் குறுக்காகத் தாழ்த்தி எடுப்பது, லாப் (எதிரியின் தலைக்கு மேல் தூக்கி அடிப்பது), வலையில் கை வேகம், கூட்டாளியின் நகர்வைப் பார்க்காமலே உணர்வது. தைவானின் சியே சு-வேய் இரண்டு பக்கமும் இரண்டு கையால் அடிப்பவர். சக்தி கம்மி, கோணம் அபாரம். 2013, 2019, 2021, 2023 என நான்கு முறை விம்பிள்டன் இரட்டையர் பட்டம். கடைசி முறை அவருக்கு வயது 37. கூட ஆடிய பார்போரா ஸ்ட்ரைகோவா குழந்தை பெற்றுவிட்டுத் திரும்பி வந்தவர். வரிசை எண்கூட இல்லாத ஜோடியாக வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வலுவாக அடிப்பது மட்டுமே டென்னிஸ் என்றால் இது நடந்திருக்கவே முடியாது.

சானியா மிர்சா வென்ற 2015 இறுதி ஆட்டத்தை ஏன் இவ்வளவு பேர் சொல்கிறார்கள்?

சொல்லாமல் எப்படி? மகளிர் இரட்டையரில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் கிராண்ட்ஸ்லாம் அது.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் சானியாவும் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள். இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று அடுத்தடுத்து மூன்று பட்டம். ஏப்ரலில் சானியா உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடம். ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை போனவர், காயங்களுக்குப் பிறகு இரட்டையரையே தன் ஆட்டமாக எடுத்துக்கொண்டவர். ஹிங்கிஸ் விம்பிள்டனில் இரட்டையர் பட்டம் வென்றது 1996-ல், பதினைந்து வயதில். பிறகு 1998-ல் நோவோட்னாவுடன். இரண்டு முறை ஓய்வு அறிவித்துத் திரும்பி வந்திருந்தார்.

ஜூலை 11, சென்டர் கோர்ட். எதிரே ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா. முதல் வரிசை எண் பெற்ற ஜோடியும் இரண்டாம் வரிசை எண் ஜோடியும் நேருக்கு நேர். முதல் செட் 7-5 ரஷ்யர்களுக்கு. இரண்டாவது டைபிரேக்கில் ஹிங்கிஸ், சானியாவுக்கு. மூன்றாவதில் ரஷ்யர்கள் 5-2. ஒரு கேம் போதும், பட்டத்துக்காக சர்வும் போட்டாகிவிட்டது. அங்கிருந்து சானியா ஜோடி மூன்று கேம் தொடர்ந்து எடுத்து 5-5. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடி விளக்கைப் போட்டார்கள்.

இந்த மாதிரி இடைவேளை பொதுவாகத் துரத்தி வரும் ஜோடிக்குத்தான் இடைஞ்சல். பிடித்த பிடி நழுவிவிடும். நழுவவில்லை. திரும்பி வந்து மேலும் இரண்டு கேம். 5-7, 7-6, 7-5. மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 பாயிண்ட் டைபிரேக் என்ற விதியில் ஆடியிருந்தால் 2-5 என்ற அந்தப் பள்ளமும் இருந்திருக்காது, அதிலிருந்து ஏறி வந்த ஐந்து கேம்களும் இருந்திருக்காது.

மறுநாளே ஹிங்கிஸ், லியாண்டர் பயஸுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். சிறுவர் இரட்டையரில் சுமித் நாகல். இந்தியாவுக்கு அப்படியொரு விம்பிள்டன் அமைவது அபூர்வம்.

வெஸ்னினா பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

சானியாவின் பழைய கூட்டாளி. 2011-ல் இருவரும் சேர்ந்து பிரெஞ்சு ஓபன் இறுதி வரை போனவர்கள். இரட்டையரில் இது சகஜம். இன்றைய கூட்டாளி நாளைய எதிரி. உங்கள் பலவீனம் அத்தனையும் தெரிந்தவர் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார்.

இந்த நால்வரின் கணக்கு 2015-க்கு முன்பே தொடங்கியது. 2014 அமெரிக்க ஓபன் இறுதியில் மகரோவாவும் வெஸ்னினாவும் ஹிங்கிஸ், பென்னெட்டா ஜோடியை வென்றிருந்தார்கள். விம்பிள்டனில் பதிலடி வாங்கினார்கள். அப்புறம் ஹிங்கிஸும் சானியாவும் 2015 அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் பட்டங்களையும் வென்று, தொடர்ந்து 41 ஆட்டங்கள் தோற்காமல் போனார்கள். அந்தத் தொடரை 2016 பிப்ரவரியில் தோஹாவில் அறுத்தது யார்? வெஸ்னினா, கசட்கினா ஜோடி. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக் இறுதியிலும் ஹிங்கிஸை மறித்து மகரோவாவும் வெஸ்னினாவும் தங்கம் வாங்கினார்கள். 2017-ல் அவர்களுக்கு விம்பிள்டனும் கிடைத்தது, இறுதியில் 6-0, 6-0 என்று.

நன்றாக ஆடும் ஜோடிகள் ஏன் பிரிகின்றன?

தோல்வி தொடர்ந்தால் பிரிவார்கள், காயத்தால் பிரிவார்கள், ஒருவர் ஒற்றையரில் கவனம் செலுத்த நினைத்தால் பிரிவார்கள். ஹிங்கிஸும் சானியாவும் 2016 ஆகஸ்டில் பிரிந்தார்கள். பிரிந்த கையோடு சின்சினாட்டி இறுதியில் எதிரெதிரே நிற்க வேண்டியதாயிற்று. ஸ்ட்ரைகோவாவுடன் ஆடிய சானியா வென்றார். அதுவரை ஹிங்கிஸுடன் பகிர்ந்திருந்த முதலிடம் அவருக்கு மட்டுமானது. தரவரிசை ஜோடிக்கு அல்ல, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் என்பதால் இப்படி நடக்கும்.

கூட்டாளிக்குக் காயம் பட்டால் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

போட்டி தொடங்கிய பிறகு முடியாது. ஒருவர் விலகினால் இருவரும் வெளியே.

அதிகப் பட்டம் யாருக்கு?

மகளிர் இரட்டையரில் எலிசபெத் ரயான், 12 பட்டங்கள். கலிஃபோர்னியாக்காரர். 1914-ல் முதல் பட்டம், 1934-ல் கடைசி. கலப்பு இரட்டையரையும் சேர்த்தால் விம்பிள்டனில் 19. ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட இல்லை. அந்த 19 என்ற எண்ணிக்கையை பில்லி ஜீன் கிங் 1979 ஜூலை 7 அன்று, நவ்ரத்திலோவாவுடன் இரட்டையரை வென்று கடந்தார். அதற்கு முந்தைய நாள்தான், விம்பிள்டனுக்கு வந்திருந்த ரயான் மயங்கி விழுந்து இறந்துபோனார்.

தொடர் வெற்றி என்று பார்த்தால் நவ்ரத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும். 1983-லிருந்து 1985 வரை தொடர்ந்து 109 வெற்றி. 1984-ல் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமும். அந்த 109 முடிவுக்கு வந்ததும் விம்பிள்டன் இறுதியில்தான்: 1985-ல் கேத்தி ஜோர்டான், லிஸ் ஸ்மைலி ஜோடியிடம், முதல் செட்டை வென்ற பிறகு.

பரிசுத் தொகை எவ்வளவு?

2025-ல் சாம்பியன் ஜோடிக்கு 6,80,000 பவுண்ட். இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒற்றையர் சாம்பியனுக்கு 30 லட்சம் பவுண்ட். ஆண்கள் இரட்டையருக்கும் அதே 6,80,000 பவுண்ட்தான். 2007 முதல் விம்பிள்டனில் ஆண் பெண் சமம். ஆனால் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி அதிகம். பயிற்சியாளர், விமானச் செலவு, தங்குமிடம் எல்லாம் இரட்டையர் வீராங்கனைக்கும் உண்டு. தரவரிசைப் புள்ளிகளில் இந்த வஞ்சனை இல்லை: ஜோடியில் ஒவ்வொருவருக்கும் முழு 2000.

தமிழ்நாட்டில் இந்த வீராங்கனைகள் யாராவது ஆடியிருக்கிறார்களா?

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்த சென்னை ஓபன் மகளிர் போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றவர்கள் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி. இறுதியில் 6-1, 6-2. டப்ரோவ்ஸ்கி விம்பிள்டன் இரட்டையர் இறுதியை 2019, 2024 என இரண்டு முறை எட்டியவர். 2024-ல் சினியகோவா, டவுன்சென்ட் ஜோடியிடம் இரண்டு டைபிரேக்கில் தோற்றார்.

சென்னையில் அவரிடம் தோற்ற ஜோடியில் நடேலா ட்சலமிட்ஸேவும் இருந்தார். மாஸ்கோவில் பிறந்தவர். 2022-ல் ரஷ்ய வீரர்களுக்கு விம்பிள்டன் தடை விதித்தபோது ஜார்ஜியா நாட்டுக்காரராக மாறி இரட்டையர் ஆடியவர். அவரை நுங்கம்பாக்கத்தில் அத்தனை நெருக்கத்தில் பார்க்கக் கிடைத்தது.

இறுதி ஆட்டத்தை எப்போது பார்க்கலாம்?

முன்பெல்லாம் ஒற்றையர் இறுதி முடிந்த பிறகு, அது இழுத்தால் இருட்டும் நேரத்தில்தான் இரட்டையர் இறுதி தொடங்கும். 2015-ல் கூரை மூட வேண்டி வந்ததே அதனால்தான். 2025-ல் இதை மாற்றி, மகளிர் இரட்டையர் இறுதியைக் கடைசி ஞாயிறு அன்று ஆண்கள் ஒற்றையர் இறுதிக்கு முன்னால், லண்டன் நேரம் மதியம் 1 மணிக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு குடெர்மெட்டோவா, மெர்டென்ஸ் ஜோடி, சியே, ஒஸ்டபென்கோ ஜோடியை மூன்று செட்களில் வென்றது. லண்டனில் மதியம் 1 மணி என்றால் நமக்கும் இலங்கைக்கும் மாலை 5.30, சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 8. ஆண்கள் இறுதிக்காக டிவி முன் உட்காருபவர்கள் மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள்.